பயிற்றையில் எந்த இனம் உங்கள் தறைக்கு? அரைப் பரப்பில் செய்து பார்க்கும் ஒப்பீடு

நான் முதன்முதலில் இரண்டு பயிற்றை இனங்களை ஒப்பிட்ட வருடம், சிவத்த விதை கிணற்றடியிலும் கறுத்த விதை மேற்கு வேலியோரத்திலும் நின்றன. சிவத்தது கடகம் நிறையக் காய்த்தது. கறுத்தது ஒரு கறிக்கே காணாது. பெரிய கண்டுபிடிப்புச் செய்தவன் போல, சொந்தக்காரர் எல்லாருக்கும் சிவத்த விதையைப் பங்கிட்டுக் கொடுத்தேன். அடுத்த தையில் இடம் மாற்றி நட்டபோது கறுத்தது கொட்டியது, சிவத்தது சோர்ந்து நின்றது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பெரியம்மாதான் விசயத்தைச் சொன்னா: "தம்பி, கிணத்தடியில முந்தி மாட்டுக்கொட்டில் எல்லோ கிடந்தது. நீ விதையைப் பாக்கேல்லை, எருவைப் பாத்திருக்கிறாய்."

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சு வாங்காமல் தப்புவதற்கு. யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் ஒரே பரப்புக்குள்ளேயே (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) ஒரு மூலையில் மண்வெட்டி முழுதாய் இறங்கும், மறுமூலையில் சுண்ணக்கல்லில் தட்டிக் கணீர் என்னும். நிலத்துக்கு நிலம் இருக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இனத்துக்கு இனம் இருக்கும் வித்தியாசத்தை விழுங்கிவிடும். அதைப் பிரித்தெடுக்கத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் வழக்கமான தோட்ட வேலைதான். அரைப் பரப்பு நிலம், கிராம் காட்டும் ஒரு தராசு, ஒரு கொப்பி, மூன்றரை மாதப் பொறுமை. இவ்வளவும் வேண்டும்.

எதை ஒப்பிடுவது

போஞ்சியும் அவரைச் சாதிதான், ஆனால் அது வெலிமடை, நுவரெலியாப் பக்கத்துக் குளிருக்குப் பழகியது. பகல் வெயில் 30 பாகையைத் தாண்டத் தொடங்கினால் பூவை உதிர்த்துவிடும். உப்புக் கலந்த கிணற்று நீரையும் தாங்காது. ஆசைப்பட்டால், பூக்கும் காலம் மார்கழி, தையின் குளிர் இரவுகளில் விழும்படி நட்டுப் பாருங்கள். முதல் ஒப்பீட்டுக்கு மட்டும் வேண்டாம். பயிற்றைதான் எங்கள் வெக்கைக்கும் மண்ணுக்கும் இணங்கி வருவது, உப்பையும் போஞ்சியைவிட நன்றாகத் தாங்கும். தானியத்துக்கு விதைக்கிற கௌபியும் பயிற்றையும் தாவரவியலில் ஒரே இனந்தான். அதற்காக எம்ஐ 35, வருணி போன்ற கௌபியைப் பயிற்றையோடு ஒரே ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். ஒன்று காய்ந்த விதைக்கு, மற்றது பச்சைக் காய்க்கு. நிறுப்பதே வேறு பொருளை.

அதேபோல் கொடிப் பயிற்றையையும் பற்றைப் பயிற்றையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டாம். கொடிக்குத் தடி, கயிறு, அகலமான இடைவெளி தேவை. பற்றைக்கு அவை தேவையில்லை. கொடி பக்கத்துப் பற்றைக்கு நிழலும் போடும்.

இனங்கள் மூன்று போதும். ஆறு, ஏழு என்று ஆசைப்பட்டவர்கள் பாதியில் நிறுக்காமல் விட்டதைத்தான் நான் கண்டிருக்கிறேன். மூன்றில் ஒன்று உங்கள் வீட்டிலோ அயலிலோ வருடக்கணக்காக நடுகிற நாட்டு விதையாக இருக்கட்டும். புதியவை அதைவிட மேலா என்பதுதானே கேள்வி. மற்ற இரண்டுக்கும் விவசாயத் திணைக்களம் வெளியிட்ட சேனா, பொலன் மே, ஹவாரி போன்றவற்றில் எது கிடைக்கிறது என்று உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விதைக்கடைப் பைக்கற்றில் கலப்பினம் என்று போட்டிருந்தால், அதில் விதை எடுத்து அடுத்த போகத்துக்கு வைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

விதை கையில் வந்ததும் முளைப்புப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இனத்திலும் 50 விதையை எண்ணி, நனைத்த சாக்குத் துண்டில் சுற்றி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்தால் நான்காம் ஐந்தாம் நாளில் தெரியும். 45 முளைத்தால் நல்ல விதை. 30 தான் முளைத்தது என்றால், வேறு பைக்கற் தேடுங்கள். பழைய விதையோடு புது விதையை மோதவிட்டால் நீங்கள் அளப்பது இனத்தை அல்ல, விதைக்கடை இறாக்கையில் அது கிடந்த காலத்தை.

எப்போது

ஐப்பசி, கார்த்திகையில் தொடங்க வேண்டாம். எங்கள் வருட மழையில் பெரும்பங்கு அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்து போனபோது தோட்டங்கள் குளமாய்க் கிடந்ததை மறந்தவர் இங்கே குறைவு. தண்ணீர் தேங்கினால் பயிற்றையின் வேர் அழுகும், மழையில் பூ கொட்டும். தைப்பொங்கல் கழிந்து மண் கொத்துப்பதத்துக்கு வந்ததும் நடுவது முதல் ஒப்பீட்டுக்குச் சுகம். சித்திரை வெயில் முற்றுவதற்குள் பெரும்பகுதிக் காய் எடுத்துவிடலாம்.

இரண்டாவது ஒப்பீட்டைத் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலத்தில் வைக்க வேண்டும். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நிலத்தைப் பிரிப்பது

இந்தப் பகுதியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். மற்றெல்லாவற்றையும் சரியாகச் செய்து இதைப் பிழையாகச் செய்தால், எனக்குக் கிடைத்தது போலப் பெரியம்மாவின் சிரிப்புத்தான் மிச்சம்.

முதலில் ஒரு அலவாங்கை எடுத்துக்கொண்டு, மழை ஈரம் இருக்கும்போதே தறையில் ஆறேழு அடிக்கு ஒரு குத்துப் போட்டுப் பாருங்கள். எங்கே இறங்குகிறது, எங்கே கல்லில் முட்டுகிறது என்று கொப்பியில் ஒரு படமாய்க் கீறுங்கள். புல்லு எங்கே கடும் பச்சையாய்ச் செழித்திருக்கிறது என்றும் பாருங்கள். பழைய எருக்கும்பி, சாம்பல் கொட்டிய இடம், கொட்டில் கிடந்த இடமெல்லாம் புல்லில் தெரியும். வீட்டில் வயது போனவர்கள் இருந்தால் கேளுங்கள், அவர்கள் அலவாங்கைவிட நல்ல கருவி. பின்னேர வெயிலில் பனையின் நிழலும் பூவரசு வேலியின் நிழலும் எதுவரை நீளுகிறது என்று ஒரு தடி குத்தி வையுங்கள். வேலியிலிருந்து ஆறடிக்குள் எதையும் நிறுக்க வேண்டாம். நிழலோடு பூவரசின் வேரும் அங்கே போட்டிக்கு வரும்.

இப்போது தறையை நான்கு தொகுதியாகப் பிரியுங்கள். ஒரு தொகுதிக்குள் மண்ணும் தண்ணீரும் வெயிலும் கூடியவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும். தொகுதிக்குத் தொகுதி மாறினால் பரவாயில்லை. எங்கள் தோட்டங்களில் பெரிய மாற்றம் வாய்க்காலால்தான் வருகிறது. கிணற்றுப் பக்கத் தலைப்புப் பாத்தி நிறையக் குடிக்கும், கடைப் பாத்திக்குக் கலங்கல் போய்ச் சேருவதே பெரிது. ஆகவே முதல் தொகுதி தலைப்பில், நான்காவது கடையில் என்று வாய்க்கால் ஓட்டத்தில் வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று இனத்துக்கும் ஒவ்வொரு பாத்தி. ஆக மொத்தம் 12 பாத்தி.

பாத்தி ஒன்று 12 அடி நீளம், 6 அடி அகலம். அதில் மூன்றடி இடைவெளியில் இரண்டு வரிசை. வரிசையில் அடிக்கு ஒரு குழி. அப்படியென்றால் பாத்திக்கு 24 கன்று. பாத்தியின் பரப்பு 72 சதுர அடி. இந்த எண்ணை ஞாபகம் வையுங்கள், கணக்குப் போடும்போது வேண்டும்.

எந்தப் பாத்தியில் எந்த இனம் என்பதை நீங்கள் தெரிவு செய்யக்கூடாது. மூன்று துண்டில் பெயர் எழுதிச் சுருட்டி, ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்குங்கள். வீட்டுச் சின்னப்பிள்ளையை எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. ஏனென்றால் கை தன்னையறியாமல் விருப்பமான விதையை நல்ல இடத்துக்குக் கொண்டு போகும். 1919 இல் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போன ரொனால்ட் பிஷர் என்ற கணிதக்காரர் பயிர்ச் சோதனைகளுக்கு வகுத்துக் கொடுத்த ஒழுங்கும் இதுதான்: தொகுதியாய்ப் பிரி, திரும்பத் திரும்ப நடு, இடத்தைக் குலுக்கிப் போடு. உலகத்து ஆராய்ச்சிப் பண்ணைகள் இன்றைக்கும் அதைத்தான் செய்கின்றன. நாங்கள் செய்தால் மட்டும் அயல் சிரிக்கும். சிரிக்கட்டும்.

கரைகளில் சுற்றிவர ஒரு வரிசை நாட்டு விதையைக் காவலுக்கு நடுங்கள். வெளி ஓரத்துக் கன்றுக்கு வெளிச்சமும் காற்றும் கூட, அதனால் காயும் கூட. அந்தக் காவல் வரிசையை நிறுக்க வேண்டாம், கறிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நட்டபின்

எருவும் பசளையும் 12 பாத்திக்கும் ஒரே அளவு. மாட்டெருவைக் கண்மட்டத்தில் கொட்டாமல் வாளியால் அளந்து போடுங்கள். குழை தாழ்க்கிற (பச்சை இலையை மண்ணில் புதைக்கிற) வழக்கம் இருந்தால் எல்லாப் பாத்திக்கும் ஒரே குழை: ஒன்றில் பூவரசு, ஒன்றில் கிளிசறியா என்று கலக்கக்கூடாது. யூரியாவைக் கண்டபடி போட்டால் கொடி இலையாய்ப் போகும், காய் பிந்தும். பயிற்றை வேர் முடிச்சில் தனக்கு வேண்டிய நைதரசனில் பெரும்பங்கைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஐந்தாம் கிழமையளவில் காவல் வரிசையில் ஒரு கன்றைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றுக் கூடியிருப்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தத் தண்ணீரோடு பசளையும் வந்து இறங்குகிறது. எனவே இரண்டு கிணறு இருந்தாலும் ஒப்பீட்டுக்கு ஒரு கிணற்றையே பாவியுங்கள்.

நீங்கள் உண்மையில் தொடர்ந்து போடக்கூடிய பசளையைத்தான் ஒப்பீட்டிலும் போட வேண்டும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது, பை பையாய்ப் போட்டுப் பார்த்துத் தெரிந்த இனங்களை நம்பியிருந்தவர்கள் கையைப் பிசைந்தார்கள். எரு மட்டுந்தான் உங்கள் வழி என்றால் எருவிலேயே சோதியுங்கள்.

குழிக்கு மூன்று விதை, ஒரு அங்குல ஆழம். இரண்டாம் கிழமையில் ஒரு கன்றை விட்டு மற்றதைக் களையுங்கள். முளைக்காத குழியை முதல் கிழமைக்குள் நிரப்பிவிடுங்கள், அதற்குப் பிறகு நிரப்பினால் பிந்திய கன்று கணக்கைக் குழப்பும். கொடி ஓட முதலே தடி நட்டுக் கயிறு கட்டுங்கள். கிளிசறியாத் தடி தளிர்த்து நிழல் போடும் என்பதால் நான் காய்ந்த சவுக்கந்தடிதான் வைக்கிறேன்.

எந்த வேலையென்றாலும், புல்லுப் பிடுங்குவதோ இறைப்பதோ மருந்தடிப்பதோ, ஒரு தொகுதியைத் தொட்டால் அதை முடித்துவிட்டுத்தான் நிற்க வேண்டும். கரண்ட் போய் மோட்டர் நின்றால், இரண்டாம் தொகுதி முடிந்த இடத்தில் நிற்கலாம். இரண்டாம் தொகுதியின் நடுவில் நிற்கக்கூடாது. அப்படி நின்றால் ஒரு இனம் குடித்திருக்கும், பக்கத்து இனம் காய்ந்திருக்கும்.

முதல் மூன்று நான்கு கிழமையில் தண்டு ஈ பார்க்க வேண்டும். நிலத்தோடு ஒட்டிய தண்டு தடித்து வெடித்து, கன்று மஞ்சளாகிச் சாகும். வெயில் காலத்தில் எறும்பு கொடியில் ஊர்ந்தால் அழுக்கணவன் என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சி வந்துவிட்டது என்று பொருள். அது சாறு உறிஞ்சுவதைவிட மோசம், இலையில் தேமல் நோயைக் கொண்டுவருவது. பூத்தபின் காய்துளைப்பான். மருந்தோ வேப்பங்கொட்டைக் கரைசலோ, அடித்தால் 12 பாத்திக்கும் அடியுங்கள், விட்டால் எல்லாவற்றையும் விடுங்கள்.

கன்று செத்தால் ஏன் செத்தது என்று எழுத வேண்டும். இது முக்கியம். நோயிலும் பூச்சியிலும் செத்தால் அது இனத்தின் குணம். அந்தப் பாத்தியின் நிறை குறைந்தது குறைந்ததாகவே இருக்கட்டும், இரக்கம் காட்ட வேண்டாம். ஆடு வேலியால் புகுந்து தின்றிருந்தால் அது இனத்தின் குற்றம் இல்லை. அந்தத் தொகுதி முழுவதையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மற்ற மூன்றோடு பாருங்கள். ஆட்டுக்காரரோடு பேசுவது வேறு கதை.

நிறுப்பது

பாதிக் கன்று பூத்த நாளை ஒவ்வொரு பாத்திக்கும் எழுதுங்கள். பூத்துப் பத்துப் பன்னிரண்டு நாளில் காய் பறிக்கும் பதத்துக்கு வரும். விதை புடைக்க முதல் பறிக்க வேண்டும். முற்றல் காயைக் கொடியில் விட்டால் அது அடுத்த பூவைக் குறைத்துவிடும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில், ஒரே ஆள் பறிப்பது நல்லது. என் வீட்டில் நான் பறித்தால் பிஞ்சு, மனைவி பறித்தால் முற்றல் என்று வழக்கு இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு பை. பையில் பாத்தி இலக்கம் மட்டும் எழுதுங்கள், இனத்தின் பெயரை எழுதாதீர்கள். தராசு பார்க்கும் ஆளுக்கு எது எதுவென்று தெரியாமல் இருப்பது நல்லது. விற்கக்கூடிய காயைத் தனியாகவும் புழுக் குத்தியது, வளைந்தது, முற்றியதைத் தனியாகவும் நிறுத்து, அங்கேயே கொப்பியில் பதியுங்கள். "பின்னேரம் எழுதலாம்" என்று விட்ட எண் திரும்பி வருவதில்லை.

கணக்கு

விளங்குவதற்காக எண்களை நானே வைக்கிறேன். பருவம் முழுவதும் விற்கத்தக்க காயின் நிறை, தலைப்புத் தொகுதியிலிருந்து கடைத் தொகுதி வரை, கிலோவில்:

நாட்டு விதை: 6.2, 5.4, 4.9, 4.1. மொத்தம் 20.6.
இனம் அ: 6.9, 6.2, 5.4, 4.7. மொத்தம் 23.2.
இனம் ஆ: 9.3, 5.9, 4.4, 3.6. மொத்தம் 23.2.

அவும் ஆவும் மொத்தத்தில் சமம். சராசரி இரண்டுக்கும் 5.8. சராசரியோடு கொப்பியை மூடுபவர் எதையும் நடலாம் என்பார். தொகுதி தொகுதியாகப் பாருங்கள். அ நான்கு இடத்திலும் நாட்டு விதையை வென்றிருக்கிறது: 0.7, 0.8, 0.5, 0.6 கிலோவால். ஆ தலைப்பில் மட்டும் பாய்ந்து, கடைசி இரண்டு தொகுதியிலும் நாட்டு விதையிடம் தோற்றிருக்கிறது. ஒன்றில் அந்த ஒரு பாத்தியில் ஏதோ விசேடம், அல்லது ஆ தண்ணீர் கூடக் கேட்கும் இனம். இறைப்புக்குக் குறைவில்லாதவர் ஆவை இன்னொரு தரம் சோதிக்கலாம். கோடையில் கிணறு வற்றுகிறவருக்கு இனம் அ தான்.

நாட்டு விதையின் வரியையே தனியாகப் பாருங்கள். ஒரே விதை, ஒரே ஆள், ஒரே எரு: தலைப்பில் 6.2, கடையில் 4.1. இரண்டு கிலோவுக்கு மேல் வித்தியாசம். இனம் அவுக்கும் நாட்டு விதைக்கும் சராசரி வித்தியாசமோ 0.65 தான். என் சிவத்த விதை எப்படி என்னை ஏமாற்றியது என்று இப்போது தெரியும்.

நான்கிலும் வெல்வது தற்செயலாகவும் நடக்கலாமா? நடக்கலாம். இரண்டு இனமும் உண்மையில் சமமென்றால், நாணயம் சுண்டி நான்கும் தலை விழுவது போல, 16 இல் ஒரு தரம். அதனால்தான் இரண்டாம் போகம் கேட்கிறேன். தையில் வென்ற இனம் சோளகக் காற்றில் பூவை உதிர்த்துவிட்டு நிற்கக்கூடும். இரண்டிலும் முன்னுக்கு நின்றால் நம்பி நடலாம். ஒரு போகத்தில் மட்டும் வென்றால் அந்தப் போகத்துக்கு மட்டும் அந்த விதை.

பரப்புக்கு மாற்றுவது இலகு. ஏக்கருக்கு 16 பரப்பு, பரப்புக்கு ஏறத்தாழ 2,722 சதுர அடி. அதை 72 ஆல் பிரித்தால் 37.8. இனம் அ பரப்புக்கு 219 கிலோ, நாட்டு விதை 195 கிலோ என்று வரும். இந்த எண்ணை வங்கிக்குக் கொண்டு போகாதீர்கள். வரம்பும் வாய்க்காலும் நடைபாதையும் போகக் கால்வாசியைக் கழித்தால் 164 உம் 146 உம். பரப்புக்கு 18 கிலோ கூட. இதை அன்றைய சந்தை விலையால் பெருக்கி, புது விதைக்குக் கொடுத்த காசைக் கழியுங்கள். சில வேளை நாட்டு விதையே போதும் என்று முடியும். அதுவும் ஒரு முடிவுதான், காசு மிச்சம்.

நிறை மட்டும் முழுக் கதை இல்லை. திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் சந்தைகளில் எந்த நிறக் காய் முதலில் கைமாறுகிறது என்று ஒரு காலை நின்று பாருங்கள். பத்து நாள் முந்திக் காய்க்கும் இனம் நிறையில் கொஞ்சம் குறைந்தாலும் விலையில் மீட்டுவிடும். பிறகு மூன்றையும் தனித்தனிச் சட்டியில் ஒரே மாதிரிப் பால்கறி வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். கூழுக்கென்றால் இன்னும் கவனம்: ஒடியல் மாவோடு கொதிக்கும்போது கரைந்து போகாமல் கடிபட வேண்டும். எங்கள் வீட்டில் நிறையில் இரண்டாவதாக வந்த இனம் கூழில் முதலாவதாக வந்து, வேலிக்கரையில் நிரந்தர இடம் பிடித்துக்கொண்டது.

பயிற்றை பெரும்பாலும் தன்பூவிலேயே மகரந்தம் சேர்வதால், கலப்பினம் அல்லாத இனத்தில் விதை எடுக்கலாம். வண்டுகள் கொஞ்சம் கலந்துவிடும் என்பதால் பாத்தி நடுவில் நின்ற, தேமல் இல்லாத கன்றுகளில், பருவத்தின் முதற்பாதியிலேயே சில காயை முற்ற விடுங்கள். ஆனால் நிறுக்கும் பாத்தியில் முற்ற விட்டால் அந்தப் பாத்தியின் நிறை குறையும். எனவே விதைக்கென்று ஒப்பீட்டுக்கு வெளியே ஒவ்வொரு இனத்திலும் நான்கைந்து கன்று தனியே நடுவது நல்லது. கொடியிலேயே காய்ந்ததை எடுத்து, இரண்டு வெயில் காட்டி, ஆறவிட்டு, சலித்த சாம்பல் கலந்து, மூடி இறுகும் போத்தலில் போடுங்கள். இல்லாவிட்டால் வண்டு துளைத்து மா ஆக்கிவிடும். போத்தலில் இனத்தின் பெயரையும் மாதத்தையும் அன்றைக்கே எழுதி ஒட்டுங்கள். எங்கள் குசினி இறாக்கையில் பெயரில்லாத போத்தல் மூன்று இருக்கிறது. மூன்றும் நல்ல விதை என்று மட்டும் எனக்கு ஞாபகம்.